மற்றும் பலர்

எனக்கு நாடகக் கொட்டகைகளின் வரலாற்றில் ஒரு கிறுக்கு உண்டு. இந்தியாவிலிருந்து வந்த நாடகக் கம்பனிகள் யாழ்ப்பாணத்தில் யாருடைய வளவில் தகரக் கொட்டகை போட்டன, காசு போட்டவர் யார், ராசா வேசம் கட்டியவர் யார் என்று தொடங்கினால் சோறு தண்ணி இல்லாமல் கதைப்பேன். கேட்கத்தான் ஆளில்லை. மனைவி போய் ஆறு வருசம். பிள்ளைகள் வெளிநாட்டில், "சாப்பிட்டீங்களோ அப்பா" என்பதற்கு மேல் அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

கேட்ட ஒரே மனிதர் இரணைமடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பின்னேரங்களில் சைக்கிளில் வருவார். மலையகத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே நடந்த இனக்கலவரத்துக்குப் பிறகு இளந்தாரியாக வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். என்னை "அண்ணே" என்பார்.

எங்கள் குடியேற்றத் திட்டத்து நாடக மண்டபத்தைக் கட்டியது அவர்தான். காசு போட்டது எங்கள் ஆட்கள், யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த கமக்காரர். பாலை மரம் தறித்துத் தூண் நட்டது அவர். பலகை மேடைக்குக் கீழே வெறும் மண்பானைகளை வாய் மேலே பார்க்க வரிசையாகப் புதைத்ததும் அவர். அந்தப் பானைகளால்தான் சலங்கைச் சத்தம் கடைசியில் பாய் விரித்தவர்களுக்கும் கேட்டது. முள்ளியவளைப் பக்கமிருந்தெல்லாம் கூத்துக்காரர் எங்கள் மேடையில் ஆட ஆசைப்பட்டு வந்தார்கள். திரை இழுக்கிற கயிறும் அவர் கையில்தான்.

யுத்தத்தில் போன கூரையைப் போன வருசம் திரும்பப் போட்டார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு சிறப்பு மலர். வரலாறு எழுதும் வேலை ஓய்வுபெற்ற வாத்தியாரான என் தலையில் விழுந்தது. சந்தோசமாகத்தான் ஏற்றேன். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் பின்னேரம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அது ரெண்டாவது வருசம் இல்ல அண்ணே, மூணாவது" என்று திருத்துவார். என் பக்கங்களில் மண்டபச் சபைத் தலைவர் வந்தார், காணி கொடுத்தவர் வந்தார், கூத்துப் பழக்கிய அண்ணாவியார் வந்தார். மலர் என்றால் எல்லாம் தலைவரால்தான் நடக்கும் என்பது எங்கள் வழக்கம். அதனால் பானைகளையும் "அன்றைய தலைவரின் தீர்க்கதரிசனம்" என்று எழுதி, அதையும் என் வாயாலேயே அவருக்கு வாசித்தேன். தலையாட்டினார்.

கடைசியில் "மற்றும் பலர்" என்று போட்டு முடித்தேன். அந்தப் பலருக்குள் அவர் இருக்கிறார் என்றுகூட நான் யோசிக்கவில்லை. வஞ்சகம் இல்லை, அதைவிட மோசம். எங்கள் ஆட்கள் செய்தது வரலாறு, அவர் செய்தது வேலை என்று எனக்குள் எங்கோ ஊறிக் கிடந்திருக்கிறது.

விழாவன்று மகளோடு வந்திருந்தார். மடிப்புக் கலையாத புதுச் சேர்ட். மேடையில் விருந்தினர் கதிரையில் இருந்த எனக்கு, மகள் மலரில் விரல் வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடுவது தெரிந்தது. முடிவுக்குப் போய், திரும்ப முதலிலிருந்து தேடினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேச எழும்பியபோதாவது சொல்லியிருக்கலாம். எழுதி வைத்திருந்ததை மட்டும் வாசித்துவிட்டு இருந்துகொண்டேன். நாடகம் தொடங்குமுன் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அதன்பிறகு பின்னேரங்களில் அவர் வரவில்லை. படலையில் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன், மாடாக இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனைவி போனபோதுகூட வீடு இப்படி வெறிச்சோடிக் கிடக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, திருத்தத் துண்டுகள் அச்சடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மிச்ச மலர்களில் ஒட்டி, வாங்கியவர்களுக்கும் கொடுப்பதாக எண்ணம்.

"வாங்க சேர், இந்த வெயில்ல எதுக்கு வந்தீங்க?" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். "அண்ணே" போய் "சேர்" வந்துவிட்டது.

மகள் ஒரு துண்டை எடுத்து உரத்து வாசித்தாள். தூண், பானை, கயிறு எல்லாம் இருந்தது. பெயர் இரண்டு தரம் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். "ஆனா ஒட்ட வேணாம்."

"பிழை என்ர. நான்தானே திருத்த வேணும்?"

"ஊரே படிச்சு முடிச்சிருச்சு சேர். இப்ப ஒட்டினா நான் அழுது கேட்டு வாங்கினதாத்தான் சொல்லுவாங்க." மகளின் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டார். "நீங்க வாசிக்கிறப்ப, நாளைக்கு வரும், நாளைக்கு வரும்னு ஒவ்வொரு நாளும் இருந்தேன். இனி எதுலயும் நம்ம பேர எழுதாதீங்க."

துண்டுகளை அடுக்கி என் கையில் தந்தார். தேத்தண்ணி தந்து, படலைவரை வந்து வழியனுப்பினார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

இத்தனை வருசத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதனால் இதிலும் அவர் பெயரை நான் எழுதவில்லை.