நமக்கு ஆகாத தண்ணீர்

ரம்ஜான் பீவிக்கு வெளியாட்களைக் குரலால்தான் தெரியும். கீழக்கரையில் அவள் தெருப் பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. மீன்காரர், துணிக்காரர், வைத்தியர் எல்லோரும் கதவுக்கு அந்தப் பக்கத்துச் சத்தங்கள்தான். அந்தக் காதை மட்டும் நம்பி, வீட்டுக்கு மச்சு போட நாணயமான ஆள் தேடக் கிளம்பினாள் அவள்.

தேடாமலும் முடியாது. அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். பெண்ணுக்கென்று ஒழுங்காக ஒரு வீடு கொடுக்க முடியாத தாய், மகளைக் கரையேற்ற முடியாது. கொழும்பில் கடை வைத்திருந்த அவள் கணவர், சுதந்திரம் வந்த மறுவருஷம் அங்கேயே மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். மிஞ்சியது ஓலைக் கூரை வீடும் ஒரே மகள் நஸீராவும், கடையை விற்று வந்த பணமும். நஸீராவுக்கு சதக் என்ற பையனைப் பேசி முடித்தபோது, ஓலையைப் பிரித்துவிட்டு மச்சுத் தளம் போடவென்று அந்தப் பணத்தை எடுத்து வைத்தாள். இன்னொரு தடவை போட வழியே கிடையாது.

முதலில் வந்தவர் சாயல்குடிக் கொத்தனார் கூத்தையா. கடுகடுத்த ஆள், ஆனால் கை சுத்தம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சுவரைத் தட்டினார், மூலைக்கு மூலை நடந்தார், நல்ல வார்த்தை ஒன்றுகூட வாயிலிருந்து வரவில்லை. பிறகு கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு கேட்டார். வண்டியில் வரும் குடிதண்ணீரைச் செலவழிக்கக் கூடாதென்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று அவளுக்கு மனம் இளகிவிட்டது. நஸீரா முகத்தை மறைத்துக்கொண்டு செம்பைக் கதவோரம் நகர்த்தினாள்.

ஒரு வாய் எடுக்கும் சத்தம் கேட்டது. அடுத்து, முற்றத்தில் துப்பும் சத்தம்.

“இந்தத் தண்ணி நமக்கு ஆகாது தாயி.”

ரம்ஜான் பீவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துலுக்க வீட்டுத் தண்ணீர் தங்கள் சாதிக்கு ஆகாதாம். அதையும் கேட்டு வாங்கி, வீட்டுக்குள்ளேயே துப்புகிறானே என்று நினைத்தாள். சட்டென்று கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். கூத்தையா சற்று நேரம் நின்றார். பிறகு செருப்புச் சத்தம் தெருவில் போய்விட்டது.

அடுத்து வந்த ஹமீது சுல்தான் கட்டட வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். சலாம் சொல்லிக்கொண்டே நுழைந்தார். அவரையும் சோதித்துவிட வேண்டுமென்று, கேட்காமலேயே கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தனுப்பினாள். அவர் செம்பைக் காலி செய்துவிட்டு “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். முடிந்தது தேர்வு. மனிதர் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

வேலை தொடங்கும் அன்று, அக்கா முறை வைத்து, சுண்ணாம்பு குழைக்க இந்தக் கிணற்றுத் தண்ணீரே போதுமா லாத்தா, வண்டிக்கூலி மிச்சம் என்று கேட்டார். எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு என்ன குறை, தாராளமாக இறைத்துக்கொள்ளுங்கள் என்று அவளே சொன்னாள். பெருமையாகவே சொன்னாள்.

புது மச்சின் கீழ் நிக்காஹ் நடந்தது. சதக் வந்து குடியேறினான். ஐப்பசியில் மழை பிடித்ததும் மச்சு கசியத் தொடங்கியது. மழை விட்ட பிறகும் ஈரம் காயவில்லை. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று படுக்கையில் உதிர்ந்தது. ஹமீது சுல்தானுக்கு ஆள் அனுப்பினால், வருகிறேன் என்ற பதில்தான் வந்தது. ஒரு நாள் உள்ளங்கை அகலக் காரை பெயர்ந்து தலைமாட்டில் விழவே, சதக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டான். மச்சைச் சரி பண்ணிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள் என்று அவன் சொன்னதில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வெட்கத்தை விட்டுக் கூத்தையாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வந்தார். காரையைச் சுரண்டும் சத்தம், பிறகு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பும் சத்தம். அதே சத்தம். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அன்னைக்கு எங்க வீட்டுத் தண்ணிய ஏன் துப்புனீக?”

“உப்புத் தண்ணி தாயி. அதுல சுண்ணாம்பக் கொழைச்சா மச்சு நிக்காது. நம்ம வேலைக்கு ஆகாதுன்னேன். நல்ல தண்ணி வண்டியில அடிக்கணும்னு சொல்லுறதுக்குள்ள கொண்டியப் போட்டுட்டீக.”

மேலே எதையாவது பூசித் தேற்ற முடியாதா என்று நஸீராதான் கேட்டாள். எதைப் பூசினாலும் உள்ளேயிருக்கும் உப்பு வெளியே வரும், மொத்தத்தையும் பிரித்து இறக்கிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார் அவர். பிரிக்கக் கூலி கொடுக்கவே வீட்டில் ஒன்றுமில்லை. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

போகும்போது, வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். நஸீரா பானையிலிருந்து நல்ல தண்ணீர் மொண்டு வைத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் ரம்ஜான் பீவி கேட்டுக்கொண்டிருந்தாள். மடக் மடக்கென்று கடைசிச் சொட்டுவரை அவர் குடித்தார். இன்னும் ஒரு செம்பு கொடுங்கள் என்றார்.

அவர் போனதும் நஸீரா உதிர்ந்த காரையைக் கூட்டி அள்ளினாள்.

“உம்மா, மச்சச் சரி பண்ணிட்டுச் சொல்லச் சொன்னாகளே, அவுகளுக்கு என்னன்னு சொல்லி அனுப்ப?”

ரம்ஜான் பீவி மச்சை அண்ணாந்து பார்த்தாள். கூட்டிய இடத்தில் மறுபடியும் காரை உதிர்ந்தது.