பால் குடிக்கிற பிள்ளை உண்டா?

டோர்கஸ் ஒகோலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது அவளே ஒத்துக்கொள்வதுதான். நைரோபியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டடத்தில், கதிரியக்க அயோடின் கொடுக்கிற வார்டில், பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். கழுத்துச் சுரப்பியில் புற்று வந்தவர்கள் மருந்தை விழுங்கிவிட்டு மூன்று நாள் தனி அறையில் கிடப்பார்கள். நான்காம் நாள் ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியைப் பிடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, "ம், கிளம்பு" என்று சொல்வது டோர்கஸ்தான். பெரிய டாக்டரே வந்து சொன்னாலும், அவள் சொல்லாமல் ஒருத்தரும் வாசலைத் தாண்ட முடியாது.

மருந்துக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள் உண்டு. வீட்டில் எத்தனை பேர், யார் பக்கத்தில் படுக்கிறாய், தனிக் கழிப்பறை உண்டா என்று வரிசையாகக் கேட்கும். எந்த மகராசன் எழுதினானோ. ஒரே தகர அறையில் ஆறு பேர் படுக்கிற ஊரில் தனிக் கழிப்பறையாம். டோர்கஸ் அந்தக் கேள்விகளைத் தன் பாணியில் திருப்பிக் கேட்டு, வேண்டிய பதிலைப் பிடுங்கிவிடுவாள். அவளிடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் குறைவு.

அந்தத் திங்கட்கிழமை பென்டா என்கிற பெண் வந்தாள். முப்பத்தொரு வயது, லுவோ, டோர்கஸின் இனம். இரண்டு பேருக்கும் ஏரிக்கரைப் பக்கம்தான் சொந்த ஊர். கயோலே பகுதியில் மீன் பொரித்து விற்கிறவள். பழைய சீட்டில், பெற்றது நான்கு, உயிரோடு இருப்பது எதுவுமில்லை என்று எழுதியிருந்தது.

டோர்கஸ் அதைப் படித்தாள். கேள்வித்தாளில் ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, "பால் குடிக்கிற பிள்ளை ஏதும் இருக்கா?" என்றாள்.

"எனக்குப் பிள்ளை இல்ல, சிஸ்டர்."

அவ்வளவுதான். நான்கு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இதற்கு மேல் என்ன தோண்டுவது? டோர்கஸ் 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு கிழித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். எல்லோரையும் குடைந்து எடுக்கிறவள், அன்றைக்குப் பார்த்து இரக்கப்பட்டாள்.

வியாழன் காலை பத்து மணிக்கு பென்டாவை நிறுத்தி அளந்தாள். அளவு வரம்புக்குள் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தபோது கழுத்தைவிட மார்பில் கொஞ்சம் அதிகமாகக் காட்டியது. வியர்வை சட்டையில் ஊறியிருக்கும் என்று நினைத்து, வேறு சட்டை மாற்றச் சொன்னாள். மாற்றியும் பெரிதாகக் குறையவில்லை. வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். "பிள்ளைங்க பக்கம் போகாதே, கூட்டத்துல உட்காராதே, பஸ்ஸுல கடைசி சீட்டுல தனியா உட்காரு" என்று வழக்கமான பாட்டைப் பாடி அனுப்பிவிட்டாள்.

பதினொன்றே கால் இருக்கும். அறையைக் கழுவுகிற வஃபூலா வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, உன் மீன்காரி கைகழுவுற தொட்டியில என்ன பண்ணி வச்சிருக்கா? ஒரே புளிச்ச நாத்தம். பால் டீ குடுத்தீங்களா அவளுக்கு? எனக்கு ஒரு நாளும் குடுத்ததில்லையே."

டோர்கஸ் கருவியோடு போய்ப் பார்த்தாள். தொட்டியின் ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. கருவி கிட்டே போனதும் விடாமல் அலறியது. மூன்று நாளாக மார்பில் பால் கட்டி, வலி தாங்காமல், யாருக்கும் தெரியாமல் பீய்ச்சிக் கொட்டியிருக்கிறாள்.

பிள்ளை இல்லை என்றாளே? சட்டென்று புரிந்தது. ஐயோ, நான் ஏரிக்கரையில் பிறந்தவள் தானே, எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள். அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்துப்போன வீட்டில் இன்னொன்று பிறந்தால், அதைத் தெருத்திருப்பத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, 'யாரோ எறிந்த பிள்ளை' என்று எடுத்துக்கொள்வாள். அன்றிலிருந்து அது அவள் பிள்ளை. பெற்றவள் பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், தூங்கவைப்பாள், ஆனால் என் பிள்ளை என்று வாய் திறந்து சொல்லமாட்டாள். சொன்னால் சாவு காதில் விழுந்து தேடி வந்துவிடும். இந்த வழக்கம் தெரியாத நர்ஸ் கேட்காமல் விட்டால் தவறு என்று விடலாம். தெரிந்தவளே கேட்காமல் விட்டால் அதற்கு என்ன பேர்?

பென்டாவுக்குப் போன் போட்டாள், அது அணைந்து கிடந்தது. மூன்று நாள் சார்ஜ் இல்லாமல் பையில் கிடந்த போன் எப்படி எடுக்கும்? டோர்கஸ் மருந்துக் கிடங்குக்கு ஓடினாள். அயோடைடு மாத்திரையை வாங்கிக்கொண்டாள். பால் வழியாக உள்ளே போன விஷ அயோடின் குழந்தையின் கழுத்தில் போய் உட்காருவதற்கு முன்னால் இந்த நல்ல அயோடின் போய் இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதியையாவது தடுக்கலாம். நேரம் போகப் போக மாத்திரையால் பிரயோஜனம் குறைந்துகொண்டே வரும்.

அவள் ஏறிய மட்டாட்டு வேன் ஜோகூ சாலை நெரிசலில் மாட்டி நின்றது. நடத்துநர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிட்டான். டோர்கஸ் மடியில் கேள்வித்தாளைத் திருப்பிவைத்துக் கணக்குப் போட்டாள். மூன்றாம் நாள் பாலில் எவ்வளவு இருக்கும், ஒரு தடவைக்குக் குழந்தை எவ்வளவு குடிக்கும் என்று எத்தனை குறைவாக வைத்துப் போட்டாலும், ஒரே ஒரு தடவைக்கு, ஒரு வருடம் முழுக்க அனுமதித்த அளவைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு வந்தது. இரண்டு தடவை சரிபார்த்தாள். மூன்றாம் தடவை பேனா ஓடவில்லை. கடவுளே, அவள் வழியில் எங்காவது உட்கார்ந்திருக்கட்டும், பஸ் கெட்டுப்போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

பஸ் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டோர்கஸ் கேள்வித்தாளில் இருந்த விலாசத்தை வைத்து கயோலேயில் அந்தத் தகரக் குடியிருப்பைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. பென்டா தன் அறை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பத்து மாதப் பெண்குழந்தை அவள் மார்பில் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தது.

"எடு, பென்டா. பிள்ளையை எடு."

பென்டா திடுக்கிட்டு மேல்துணியை இழுத்து மூடினாள். "என்ன சிஸ்டர், இங்க வந்திருக்கீங்க?"

குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து அறைக்காரி, ஒபியெரோவின் அம்மா என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், ஈரக்கையோடு வந்து நடுவில் நின்றாள். "யாரும்மா நீ? வந்ததும் வராததுமா அதட்டுறே?"

"ஆஸ்பத்திரியிலருந்து வர்றேன். இவ பால்ல மருந்து இருக்கு. பிள்ளைக்கு அது விஷம்."

ஒபியெரோவின் அம்மா சட்டென்று குனிந்தாள். குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது வீல் என்று கத்தியது.

"எத்தனை தடவை குடுத்தே?"

"நான் எங்க குடுத்தேன்? அது ஒபியெரோ அம்மா பிள்ளை. அழுதுச்சு, சும்மா வச்சேன்."

"பென்டா, நானும் நம்ம ஊர்க்காரிதான். எனக்குத் தெரியும். எத்தனை தடவை?"

பென்டா தரையைப் பார்த்தாள். "வந்த உடனே ஒரு தடவை. இது ரெண்டாவது. மூணு நாளா கஞ்சி குடிச்சிருக்கு, பாவம்."

டோர்கஸ் மாத்திரையை நான்காக உடைத்து, ஒரு கால் துண்டை ஸ்பூனில் நசுக்கித் தண்ணீரில் கரைத்தாள். கரைக்கும்போது கொஞ்சம் சிந்தியது. அதனால் இன்னொரு கால் துண்டைக் கரைக்க வேண்டியிருந்தது. "குடுக்கலாமா?" என்று அவள் பென்டாவைப் பார்த்துக் கேட்டதற்கு பென்டா பக்கத்து அறைக்காரியைக் கையைக் காட்டினாள். "எடுத்தவ நான். நான் சொல்றேன், குடு" என்றாள் ஒபியெரோவின் அம்மா. குழந்தை பாதியைத் துப்பியது. மூக்கைப் பிடித்து மீதியை ஊற்றினார்கள்.

"செத்துருமா?" பென்டாவின் குரல் கேட்கவே இல்லை. உதடு அசைந்ததை வைத்துத்தான் தெரிந்தது.

டோர்கஸ் பத்தொன்பது வருடமாக இந்தக் கேள்விக்குப் பூசி மெழுகிப் பதில் சொன்னவள். இன்றைக்கு மனம் வரவில்லை. "சாகாது. ஆனா இந்தக் கழுத்து கெட்டுப்போகலாம். உன்னை மாதிரி ஆயுசுக்கும் மாத்திரை முழுங்க வேண்டியிருக்கலாம். பெரியவளானப்புறம் உனக்கு வந்ததே, அது அவளுக்கும் வரலாம். எவ்வளவு போயிருக்குனு ஆஸ்பத்திரியில வச்சு அளக்கணும். தப்பு உன்னோடது இல்ல. நான் சரியா கேட்கல."

"இனிமே?"

"இனிமே இவளுக்கு உன் பால் கிடையாது. நாளைக்கும் கிடையாது, அடுத்த மாசமும் கிடையாது. மூணு வாரத்துக்கு நீ தூக்கவும் கூடாது."

பென்டா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை டோர்கஸ் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுகிறது, சும்மா வைத்தேன் என்று ராத்திரி இன்னொரு தடவை நடக்கும். தன் பிள்ளை என்றே ஒத்துக்கொள்ளாதவள் எதை நிறுத்துவதாகச் சத்தியம் செய்வாள்? அவளைச் சொல்லவைக்கவும் டோர்கஸுக்குப் பயமாக இருந்தது. படித்தவள், கருவி பிடிக்கிறவள், எல்லாம் சரி. நான்கு குழிகளை நினைத்தால் வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் குழந்தையின் பேர் எழுதும் இடத்தில் 'அவிட்டி' என்று எழுதினாள். எறியப்பட்டவள் என்று அர்த்தம். அப்படி எடுத்த பிள்ளைக்கு அந்தப் பேர்தான் என்பது யாரையும் கேட்காமலே தெரிந்தது. தாயார் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"என் பேரை எழுது" என்றாள் ஒபியெரோவின் அம்மா.

"வேணாம்." பென்டா எழுந்து நின்றாள். "சாவு காதுல விழுந்தா விழட்டும். நான் பெத்தது. என் பிள்ளை. பென்டா அவினோனு எழுது. இனிமே பால் குடுக்க மாட்டேன், அதையும் எழுதிக்கோ."

ஒபியெரோவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். குழாயடியில் நின்ற பெண்களில் ஒருத்தி வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். டோர்கஸ் எழுதினாள்.

பிறகு தூரம் அளக்க வேண்டியிருந்தது. இரண்டு அறைக்கும் நடுவில் ஒற்றைத் தகரம்தான். டோர்கஸ் டேப்பைப் பிடித்து அளந்து, பென்டாவின் கட்டிலை எதிர்ச்சுவர் ஓரம் இழுத்துப் போட்டாள். குழந்தை ஒபியெரோவின் அம்மாவோடு அடுத்த அறையில் தூங்கலாம். குழந்தையை வெளியே எடுத்து வரும்போது பென்டா முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட வேண்டும். பென்டா போய்க் கழிப்பறைச் சுவர் ஓரம் நின்றாள்.

குழந்தை ஓயாமல் கத்தியது. ஒபியெரோவின் அம்மா பசும்பால் கொடுத்துப் பார்த்தாள், முதுகில் கட்டி ஆட்டிப் பார்த்தாள். குழந்தை உடம்பை முறுக்கிக்கொண்டு முற்றத்தின் கோடியைப் பார்த்துக் கையை நீட்டியது.

"அவிட்டி, என் தங்கமே, அழாதடி, நான் இங்கதான் இருக்கேன்" என்று பென்டா அங்கிருந்தபடியே கூப்பிட்டாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக ஊர் கேட்கக் கூப்பிட்டாள். குழந்தை அந்தக் குரலைக் கேட்டதும் மூச்சு அடைத்துப்போகும் அளவுக்கு வீரிட்டது.

"பேசாதே, பென்டா" என்றாள் ஒபியெரோவின் அம்மா. "உன் குரல் கேட்டா இன்னும் கத்துது. மூணு வாரத்துக்குப் பேசாதே."

பென்டா துணியின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மார்பு ஈரமாகிக்கொண்டிருந்தது.