கொடியில் நிறுத்தப்பட்ட றிஷாத்

மாத்தளையில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கும் ஸக்கரியாவிடம் ஒரேயொரு கொள்கை இருந்தது: பிஞ்சில் பறிக்கக் கூடாது. கொள்கை உள்ளவர்களை ஊர் சற்று அதிகமாகவே மதித்துவிடுகிறது. பிஞ்சு மிளகு வந்தால் அவர் திருப்பி அனுப்பியதில்லை. நன்றாகத் திட்டிவிட்டு, விலையைக் குறைத்து வாங்கிக்கொள்வார்.

ஆள் குள்ளம். மகன் றிஷாத் பதினேழு வயதிலேயே ஆறடியைத் தாண்டிவிட்டான். அதன்பிறகு கடைக்கு ஏணி தேவைப்படவில்லை. மேல்தட்டுச் சாமான்களை அவன் நின்றபடியே எடுத்துக் கொடுப்பான். பாடசாலைக் கூடைப்பந்து அணியிலும் அவனுக்கு ஏறக்குறைய அதே வேலைதான் என்று ஸக்கரியா எண்ணியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை, யட்டவத்தப் பக்கத்திலிருந்து பஸ்லி ஒரு சாக்கு மிளகுடன் வந்தான். ஸக்கரியா சில மணிகளை விரல்களுக்கிடையில் நசுக்கினார், பொடிந்து போயின. சரத்தில் ஒன்றிரண்டு மணியாவது சிவக்கும்வரை பொறுக்கத் தெரியாதவன் எதற்குக் கொடி நட்டான் என்று தொடங்கி, பஸ்லியின் வாப்பாவுடைய அவசரங்கள்வரை போனார். அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து சாரங்கன் கடைக்குள் வந்தார்.

சாரங்கன் ஒரு கம்பனியின் கூடைப்பந்து அணியைப் பார்த்துக்கொள்பவர். றிஷாத் ஆடியதைக் கண்டியில் பார்த்திருக்கிறார். வேலையும் சம்பளமும் தங்க அறையும் தருவதாகவும், அடுத்த மாதமே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். உயர்தரப் பரீட்சை இருக்கிறதே என்றார் ஸக்கரியா.

“இளசா எடுத்தால்தான் ஐயா பழக்கலாம். முத்தினாப் பிறகு எங்களுக்குச் சரிவராது.”

றிஷாத் மேல்தட்டில் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த பஸ்லி எழுந்தான். “கேட்டீங்களா நாநா? பிஞ்சுக்குத்தான் வெல கூட. சேர் கொழும்புல இருந்து வந்து சொல்றாரு.”

ஸக்கரியாவுக்கு நிலைமை விளங்கியது. மகனை அனுப்பினால் பஸ்லிக்கு முழு விலை கொடுக்க வேண்டும். கொள்கைப்படி மறித்தால், இனிப் பிஞ்சு மிளகைக் குறைந்த விலைக்கு வாங்கும் வழக்கத்தையும் விட வேண்டும்.

“மிளகப் பிஞ்சுல எடுக்கிறவன் எண்ணெய் பிழியத்தான் எடுப்பான்” என்று சாரங்கனிடம் சொன்னார். “பிழிஞ்ச பொறகு சக்கைய என்ன செய்வீங்க?”

சாரங்கன் விழித்தார். முழங்கால் போனால் என்ன ஆகும் என்று வாப்பா கேட்பதாக றிஷாத் விளக்கினான். வேலை வருடாவருடம் புதுப்பிக்கப்படுவது என்பதைச் சாரங்கன் ஒப்புக்கொண்டார்.

“அப்ப செவக்கட்டும்” என்றார் ஸக்கரியா.

“சொல்றது லேசு நாநா. செவக்க விட்டா குருவி திங்கும், கள்ளன் பறிப்பான். காத்திருன்னு நீங்க அட்வான்ஸ் தந்தீங்களா?”

கேள்வி நியாயமானது. பஸ்லி அதை நியாயத்துக்காகக் கேட்கவில்லை, சாக்குக்காகக் கேட்டான்.

“நான் காத்திருந்தா இவங்க வேற ஆள எடுத்துருவாங்க வாப்பா” என்றான் றிஷாத் மெதுவாக. அன்றைக்கு அவன் தனக்காகப் பேசியது அவ்வளவுதான்.

ஸக்கரியா மேசையின் காசு லாச்சியை இழுத்துத் திறந்தார். பஸ்லியின் மீதிக் கொடிகளுக்கு, சிவந்தபின் பறிப்பது என்ற பேச்சில், முன்பணம் கொடுத்தார். பிறகு சாரங்கனிடம் திரும்பினார்.

“பாத்தீங்கதானே? இவன் பரீட்ச எழுதிட்டு வருவான். வேற கம்பனிக்குப் போகமாட்டான். நீங்களும் அட்வான்ஸ் வச்சுட்டுப் போங்க.”

கொடியில் நிற்கும் ஆளுக்கு முன்பணம் வைக்கும் வழக்கம் தங்களிடம் இல்லை என்றார் சாரங்கன். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் போனார். சில நாட்களில், பரீட்சைவரை இடத்தை வைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். அடையாளத்துக்கு ஒரு சோடி விளையாட்டுச் சப்பாத்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

பறிக்குமுன் முன்பணத்தில் கைவைக்கக் கூடாது என்பது ஸக்கரியா புதிதாகக் கண்டுபிடித்த கொள்கை. பஸ்லி தன்னுடையதை அன்றைக்கே செலவழித்திருந்தான். சப்பாத்தை யாருக்கும் எட்டாத இடத்தில், கடையின் உச்சித் தட்டில் வைக்க ஸக்கரியா தீர்மானித்தார். அவருக்கே எட்டவில்லை. றிஷாத் வாங்கி வைத்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அவர் கீழே நின்று, “இருக்கா?” என்று கேட்பார்.

“இருக்கு வாப்பா.”

சில நாட்களில் இதைச் சொல்லும்போது சப்பாத்து அவன் காலில் இருக்கும். ஸக்கரியாவின் கண்ணுக்கு உச்சித் தட்டைவிட மகனின் கால்தான் பக்கம். அவரோ தட்டையே கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, டியூஷனுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொல்வார்.