ஈயமண்ணில் புல் நட்ட மேரி டீச்சர்

மேரி டீச்சர் இறந்த செய்தி மட்டாஞ்சேரி ஜெட்டியில் என்னிடம் வந்து சேர்ந்தது. எறணாகுளம் படகிலிருந்து இறங்கிய, டீச்சர் வேலை பார்த்த கல்லூரியின் பியூன் வர்கீஸ், "சேட்டா, நம்ம டீச்சர் போயிட்டாங்க. நேத்தே அடக்கம் கழிஞ்சாச்சு" என்றார்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள். டீச்சரை அறிந்த நம் தெருக்காரர்களுக்காகத்தான் இது.

நம் லைன் வீடுகளுக்குப் பின்னால், பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை இருந்தது உங்களுக்குத் தெரியும். அது மூடிய பிறகும் ஒரு முரட்டுப் புல்லைத் தவிர அங்கே எதுவும் முளைக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் டீச்சர் வந்து, குந்தி உட்கார்ந்து, கரண்டியால் அந்த மண்ணைத் தோண்டிக் குப்பியில் அடைத்தார்.

"என்ன டீச்சரே, புதையலா?" என்றாள் என் மனைவி செல்லம்மாள்.

"இந்தப் புல்லு மட்டும் ஏன் சாகலைன்னு பாக்கறேன் சேச்சி. வேருல கண்ணுக்குத் தெரியாத ஜீவிங்க உண்டு. அதுங்க தயவுல நிக்குதோன்னு ஒரு சம்சயம்."

பிறகு அந்தப் புல்லையே வரிசையாக நட்டார். ஈயம் வேரில் போய்த் தங்குமாம். வளர்ந்ததும் வேரோடு பிடுங்கி, மூடி போட்ட டிரம்மில் அடைப்பார். கல்லூரி வண்டி எடுத்துப் போகும்.

ஒருமுறை அவர் நோயில் படுத்து, மாதக்கணக்கில் வரவில்லை. புதர் மண்டிக் கிடக்கிறதே, திரும்பி வந்தால் சந்தோஷப்படட்டும் என்று செல்லம்மாள் புல்லை எல்லாம் செதுக்கி எறிந்து, சாணம் போட்டுக் கீரை விதைத்தாள். தளதளவென்று வந்தது.

வந்து பார்த்த டீச்சர், பாழான தன் வேலையை விட்டுவிட்டு, "பிள்ளைங்க தின்னுச்சா?" என்றுதான் கேட்டார்.

"இல்லையே, முதல் பறி உங்களுக்குன்னு வெச்சிருக்கேன்."

"நல்லதாச்சு சேச்சி, இதுல ஈயம் ஏறியிருக்கும்" என்றார் டீச்சர். பிறகு கீரை முழுவதையும் பிடுங்கி டிரம்மில் போட்டார். "இவ்வளவு பச்சையில என்ன விஷம்?" என்று கோபித்துக்கொண்டாள் செல்லம்மாள். டீச்சர் மறுபடி புல்லை நட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் எறணாகுளம் கலூரிலிருந்து தன் வீட்டுக் கீரையைக் கட்டிக்கொண்டு வருவார் டீச்சர். "ருசியே இல்லை" என்று சொல்லிக்கொண்டே செல்லம்மாள் கடைவாள்.

"இந்த மண்ணு எப்போ சுத்தமாகும்?" என்று கேட்டேன்.

"நம்ம காலத்துல ஆகாது சேட்டா. அதுக்காகப் புல்லைப் பறிக்காம இருக்க முடியுமா?"

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வியும் டிரம்மும்தான். இந்த மழைக்குப் பிறகும் புல்லைப் பறித்தேன், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. டிரம் நிறைந்து நிற்கிறது. எடுத்துப் போகக் கல்லூரி வண்டி வரவில்லை. மூடியின் மேல் கல்லை வைத்திருக்கிறேன். பிள்ளைகளே, திறக்காதீர்கள்.