சுகுணா தோஹா போய்ச் சேரும்வரை

காவேரி ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் புஷ் என்னும் உலோக வளையங்களை அளந்து பார்க்கிறாள். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் அவள் கேஜ் வைத்துப் பார்த்து அனுப்பிய பெட்டியை இன்னொருவர் பிரிக்க வேண்டியதில்லை. அம்மா போனபின் தங்கை சுகுணாவை நர்ஸ் படிக்க வைத்தவளும் அவள்தான். அந்தச் சுகுணா கத்தாருக்கு வேலைக்குப் போகிறாள் என்பது கம்பெனி பஸ்ஸில் தெரியாத ஆள் இல்லை.

விடியற்காலையில் தங்கையை டாக்ஸி ஏற்றிவிட்டாள். விமானம் பெங்களூரில் ஒன்பதரைக்குக் கிளம்பி, தோஹாவில் பதினொன்றரைக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தது. ஓசூரிலிருந்து ஏர்போர்ட் போகவே அதைவிட அதிக நேரம் ஆகிறதே என்று நினைத்தாள். விமானம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

வெளியூர் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது, தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கூடாது. பிணம் எடுத்த வீட்டில்தான் உடனே பெருக்கிக் கழுவித் தலை முழுகுவார்கள். காவேரி பதினொன்றரையும் தாண்டிப் பொறுத்திருந்தாள். சுகுணாவின் போன் அணைந்தே கிடந்தது, சிம் மாற்றுவாளாயிருக்கும். இரண்டாம் ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டுமே என்று பெருக்கி, வாசல்வரை கழுவிவிட்டு, தலைக்குக் குளித்து வந்தாள்.

பக்கத்து வீட்டு நாராயணம்மா ஈர வாசலைப் பார்த்தாள். ஈரத் தலையைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"யாருடி?" என்றாள் மெல்ல.

"என்ன யாரு? சுகுணா எறங்கிட்டாக்கா. அதான் கழுவி விட்டேன்."

"போன் பண்ணாளா?"

"டிக்கெட்ல பதினொன்னரைன்னு போட்டிருக்கே."

"அது அந்த ஊரு மணிடி. எங்க செல்வம் அங்கதான இருந்தான்? நமக்கு ரெண்டு மணி ஆவும். இப்பக் கடலுக்கு மேல போயிட்டிருப்பா."

வழக்கமாக உள்ளே வந்து உட்காருகிறவள், வராமலே போய்விட்டாள்.

காவேரி ஃபேனைச் சுழலவிட்டாள். ஓரமெல்லாம் காய்ந்தது. நேற்று சுகுணா பாய் போட்டுப் படுத்த இடம் மட்டும், ஓர் ஆள் நீளத்துக்கு, காயவில்லை. துணி போட்டுத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கறுத்தது. தொட்டால் சில்லென்றிருந்தது.

வெளியே ஓடி, கொட்டிய குப்பையை இரு கையாலும் அள்ளிவந்தாள். சீப்பில் உதிர்ந்த முடி, பூச்சரத் துணுக்கு, பெட்டி கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீடு முழுக்கத் தூவினாள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது.

இரண்டு மணிக்கு மேல் போன் வந்தது.

"அக்கா, எறங்கிட்டேன். நடுவுல அசந்து தூங்கிட்டேன். முழிச்சா தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். மேல ஏசி ஒழுகிருக்காம், டவல் குடுத்தாங்க. பக்கத்து ஆளு மேல ஒரு சொட்டு இல்ல, என் தலை மேல மட்டும்" என்று சிரித்தாள் சுகுணா. "நீ வீடு பெருக்கிட்டியா?"

காவேரியின் முதுகில் கூந்தல் நீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"இல்லடி. இன்னும் பெருக்கல."

சாயங்காலம் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்றாள் சுகுணா. மறுநாள் டூட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன் என்றாள். காவேரி துடைப்பத்தைத் தொடவில்லை. எங்கே போனால் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.