சீருடையில் விடுபட்ட பொக்கற்

கீரிக் கடற்கரையில் ஒரு பிள்ளையின் கழுத்தை அவள் தோளில் போட்டிருந்த சோல் இறுக்கியபோது, அதை வெட்டக்கூடிய பத்தொன்பது கத்திரிக்கோல்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பத்தொன்பதையும் பூட்டி வைத்தவள் நான். எந்த நடைமுறைக்கும் முரணில்லாமல்தான் பூட்டியிருந்தேன். இப்போது சேவையில் இருக்கும் இளையவர்களுக்கு அது எப்படி நடந்தது என்று தெரிந்திருப்பது நல்லது.

1. மூன்று கூட்டங்கள்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், வெள்ளம் புயல் என்றால் முதலில் ஓடிப்போய் உதவ, மன்னாரில் எங்கள் அரசாங்கக் கந்தோர் இருபது இளம்பெண்களைச் சேர்த்து ஓர் அணி அமைத்தது. நான் களஞ்சியப் பொறுப்பாளர். ஆளுக்கொரு பை: விசில், ரோச் லைட், கத்திரிக்கோல், கட்டுத்துணி, கயிறு. ஆளுக்கொரு சீருடை.

சீருடைக்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. முதலாவதில் நிறம். இரண்டாவதில் கழுத்து. மூன்றாவதில் எங்கள் உதவிப் பணிப்பாளர், "சோல் இல்லாமல் என்னெண்டு பொம்பிளைப் பிள்ளையள் ரோட்டால போறது? ஊர்ச் சனம் என்ன சொல்லும்?" என்றார். ஊர்ச் சனம் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டிருக்கவில்லை. பிள்ளைகளும்தான்.

வெளிர்நீலப் பஞ்சாபி உடுப்பு, இரு தோளிலும் ஊசி குத்திய சோல் என்று முடிவானது. நான் இரண்டு பக்கத்தில் விவரக்குறிப்பு எழுதினேன். தையல் நூலின் நிறமும் பொத்தானுக்கு எத்தனை துவாரம் என்பதும்கூட அதில் இருந்தன. பொக்கற் இல்லை. முப்பது வருடம் சேலை உடுத்து, களஞ்சியத் திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகி, கைலேஞ்சியைக் கைக்குள் கசக்கியபடி கந்தோருக்குப் போய்வந்தவள் நான். என்னிடம் ஒருநாளும் இருந்திராத ஒன்றை நான் தேடவில்லை.

2. றுக்சானா

முசலியிலிருந்து வந்த றுக்சானா மட்டும் சீருடை வாங்கவில்லை. கறுப்பு அபாயாவோடு களஞ்சியத்துக்கு வந்தாள்.

"நீளமாத் தைக்க ஏலாதெண்டு தையல்காரர் சொல்லிப்போட்டார் மிஸ். நீளமாத் தந்தா இப்பவே போடுவன்."

"முழங்கால் அளவெண்டுதான் எழுதியிருக்கு, பிள்ளை."

"ஆர் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப நீங்களே திருத்தலாமே?"

விலைமனு கோரிய பிறகு விவரக்குறிப்பைத் திருத்த முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். அவள் அதைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு இந்த அணி பொழுதுபோக்கல்ல. ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள் தகரம் கிழித்து அவளுடைய வாப்பாவின் காலில் இரத்தம் ஓடியபோது, வீட்டில் ஒருவருக்கும் கட்டுப்போடத் தெரியவில்லை. அவர் இன்றும் தடி ஊன்றித்தான் நடக்கிறார். இனி அப்படி நிற்கக்கூடாது என்றுதான் அணியில் சேரப் பெயர் கொடுத்திருந்தாள்.

உதவிப் பணிப்பாளருக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. "அபாயாவோட ஓட ஏலுமோ? தடக்கி விழுந்தா ஆர் பொறுப்பு? ஒத்திகை முடிய லிஸ்டில இருந்து எடுங்கோ" என்றார். நீக்கற் கடிதத்தை இரண்டு பிரதிகளாகத் தட்டச்சு செய்து கையொப்பத்துக்காகக் கோப்பில் வைத்தேன். சீருடை இல்லாதவளுக்குப் பையும் வழங்கவில்லை.

3. ஒத்திகை

கீரியில் படகிலிருந்து காயக்காரரை இறக்கும் ஒத்திகை. மேலிடத்திலிருந்து பார்வையிட வருவார்கள் என்பதால் பைகளைக் கூடாரத்துக்குள் இலக்க வரிசையில் அடுக்கி, ஒரு சாமானும் குறையாதிருக்க ஒவ்வொரு பையின் சிப்பிலும் பிளாஸ்டிக் பூட்டு மாட்டினேன். அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. வெட்டத்தான் வேண்டும். மேலிடத்து ஆட்கள் கடைசியில் வரவேயில்லை.

றுக்சானாவைக் கரையில் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள்.

படகில் முதல் ஆளாக நின்றவள் கீரியைச் சேர்ந்த டிலானி. படகோட்டி அந்தோனி நங்கூரத்தை எறிந்தார். ஓடிய கயிறு அவளுடைய சோலின் நுனியையும் சுற்றிக்கொண்டு போனது. அலை படகைத் தூக்கியது. கயிறு விறைத்தது. தோள்களில் ஊசி குத்தியிருந்ததால் சோல் கழன்று போகாமல் கழுத்தில் இறுகியது.

"சோலை விடு பிள்ளை! கழட்டி விடு!" என்று அந்தோனி கயிற்றை இழுத்தபடி கத்தினார். டிலானியின் இரண்டு கையும் கழுத்தில் இருந்தன.

கரையில் நின்ற பிள்ளைகள் கூடாரத்துக்கு ஓடினார்கள். ஒருத்தி பூட்டைப் பல்லால் கடித்தாள். "மிஸ், கத்திரி! கத்திரி தாங்கோ!"

"பைக்குள்ள இருக்கு!" என்று நான் கத்தினேன். அவ்வளவு சரியான, அவ்வளவு பிரயோசனமற்ற பதிலை என் சேவைக்காலத்தில் வேறெங்கும் நான் கொடுத்ததில்லை.

அதற்குள் றுக்சானா அபாயாவை ஒரு கையால் தூக்கிப்பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். மற்றக் கை பொக்கற்றுக்குள் போய்ச் சின்னக் கத்திரியோடு வந்தது. இரண்டு வெட்டு. டிலானி படகின் விளிம்பில் சரிந்து இருமினாள். அந்தோனி சிலுவை போட்டுக்கொண்டார்.

கரைக்கு வந்ததும், வேறென்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். கதிரையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்: விசில், சின்ன ரோச் லைட், பொலித்தீனில் சுற்றிய கட்டுத்துணி.

"உம்மா தைக்கிறவ மிஸ். ரெண்டு பக்கமும் பொக்கற் வச்சுத் தந்தவ. இது அவ நூல் வெட்டுற கத்திரி. வீட்டில தேடித் திட்டிக்கொண்டு இருப்பா."

4. அறிக்கை

அன்று பின்னேரமே உதவிப் பணிப்பாளர் என் மேசைக்கு வந்தார்.

"கத்திரி எங்கட பையில இருந்து எடுத்ததெண்டு எழுதுங்கோ மிஸ். எல்லாருக்கும் நல்லது."

"றுக்சானாவின்ர கடிதம், சேர்?"

"அது அப்பிடியே போகட்டும்."

எல்லாருக்கும் என்பதில் யார் அடங்கவில்லை என்பது விளங்கியது. நான் நடந்ததை எழுதினேன். பூட்டு என்னுடையது, சோலைச் சேர்த்த விவரக்குறிப்பு என்னுடையது, கத்திரி றுக்சானாவுடையது. யாருக்காவது காயம்பட்ட ஒத்திகை என்றால் அறிக்கையின் ஒரு பிரதி நேரே மேலிடத்துக்குப் போகவேண்டும். சேருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

என் சேவையில் முதல் தடவையாக மேலிடத்திலிருந்து என்னிடம் விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, புதிய விவரக்குறிப்பை இணைப்பாக அனுப்பினேன். சோல் இல்லை. மூடியுள்ள பொக்கற் நான்கு. முழங்கால் நீளம், கணுக்கால் நீளம் என இரண்டு வகை. அது அங்கீகாரமானபின் நீக்கற் கடிதத்தில் கையொப்பமிட எவரும் முன்வரவில்லை.

இம்முறை கூட்டம் வைக்கவில்லை. இருபது பிள்ளைகளையும் களஞ்சியத்துக்குக் கூப்பிட்டு, கொண்டுதிரியவேண்டியதையெல்லாம் மேசையில் வைக்கச் சொல்லி அளந்தேன்.

"மிஸ், லிப்ஸ்டிக்குக்கும் ஒண்டு வைப்பமே?" என்றாள் டிலானி. கழுத்தில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"முதல்ல கத்திரிக்கு இடம் விடடி" என்றாள் றுக்சானா.

களஞ்சியத்தில் அவ்வளவு சத்தமும் சிரிப்பும் அதற்கு முன் கேட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு நான் அடிக்கடி நினைப்பது அந்தப் பின்னேரத்தைத்தான்.

உடுப்புக்கு விவரக்குறிப்பு எழுதப்போகிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது இவ்வளவே: உடுக்கப்போகிறவள் எதைக் கொண்டு ஓடவேண்டும் என்று முதலில் பாருங்கள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

புதிய சீருடை போட்ட நாளில் உதவிப் பணிப்பாளர் உரையாற்றினார். இருபது பேரும் கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டபடி கேட்டார்கள். கணுக்கால் நீளச் சீருடையில் நின்றவளுக்கு மட்டும் ஆறு பொக்கற் இருந்தது. கூடுதலான இரண்டும் உம்மாவின் வேலை. அரச உடைமையில் அனுமதியின்றிச் செய்யப்பட்ட அந்த மாற்றத்தை நான் எந்தப் பதிவிலும் எழுதவில்லை.