மாமனாரின் இருபத்திரண்டு

எங்கள் லேபுக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி எடுத்துவிடும் ஒரு வசனம் இருந்தது. "மனுஷன் பொய் சொல்லுவான், ரத்தம் சொல்லாது." இனிப்பைக் கையால் தொடவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களை இந்த ஒரு வரியால் மடக்கிவிடுவேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. திருவண்ணாமலையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்து வருடமாக வேலை. கையில் ஊசி இருந்தால் ஊரே அடங்கும் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. 2002 கோடையில் அந்த வசனத்தை விட்டுவிட்டேன். விட வைத்தவர் என் மாமனார்.

மாமா கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைத்தவர். நிலத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, அத்தையோடு டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வயது அறுபத்தேழு. ஒரு பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவார். நான் கூடத்தில் இருந்தால் மேல்துண்டு இல்லாமல் உட்கார மாட்டார். என்னிடம் நேராக எதையும் கேட்கவும் மாட்டார். நான் இரண்டடி தள்ளி நிற்கும்போதே அத்தையைப் பார்த்து, "காப்பி இருக்குதானு கேளு" என்பார். நானும் அத்தையைப் பார்த்தே பதில் சொல்லுவேன். தங்கமான மனிதர். மருமகள் என்றால் மட்டும் அப்படி ஒரு கூச்சம்.

அந்த வருடம் சித்ரா பௌர்ணமிக்குக் காலையிலேயே கிளம்பிப் போனவர், இரண்டு நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார். "தங்கச்சி வீட்டுல தங்கிட்டேன்" என்றார். யாரும் மேலே கேட்கவில்லை.

மறுநாள் மதியம் நான் சாப்பிட்டுவிட்டு லேபுக்குத் திரும்பியபோது, சென்னைக்கு அனுப்ப வேண்டிய குழாய்களில் ஒன்றின் மேல் மாமாவின் பெயர் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பி.எஸ்.ஏ. என்று எழுதியிருந்தது. என்னோடு வேலை செய்த மூத்த அக்காதான் ரத்தம் எடுத்திருந்தார்.

"உங்க மாமா வந்தாரும்மா. நீ சாப்பிடப் போயிட்டியானு வாசல்லயே கேட்டுக்கிட்டு அப்புறம்தான் உள்ள வந்தாரு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து ரத்தத்தில் கசியும் ஒரு பொருளை அளப்பதுதான் பி.எஸ்.ஏ. சோதனை. நாலு வரைக்கும் இருந்தால் கவலையில்லை என்பது அன்றைய கணக்கு. ஏற ஏறப் புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகமும் ஏறும். எங்கள் லேபில் அதைச் செய்ய வசதி கிடையாது. ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை எடுத்து, ஐஸ் டப்பாவில் வைத்து பஸ்ஸில் சென்னைக்கு அனுப்புவோம். மறுநாள் போனில் எண் வரும்.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமாவிடம் கேட்டிருக்கலாம். ஊரில் இருக்கிற ஆண்களிடமெல்லாம் கூசாமல் கேட்கிறவள்தான் நான். ஆனால் மாமனாரிடம் போய் உங்களுக்கு ஒண்ணுக்குப் போவதில் என்ன கஷ்டம் என்று எந்த மருமகள் கேட்பாள்? வாயை மூடிக்கொண்டு சோறு பரிமாறினேன்.

மறுநாள் போன் வந்தது. "இருபத்திரண்டு பாயிண்ட் நாலு."

மறுபடி சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னார்கள். ரத்தம் பொய் சொல்லாது என்ற என் வசனம் என் கழுத்தையே வந்து பிடித்தது.

கணவரிடம் மட்டும் சொன்னேன். "எங்கப்பாவுக்கா? பதினாலு கிலோமீட்டர் செருப்பில்லாம நடக்கிறவருக்கா?" என்றார். பிறகு, "முத்திப் போயிருந்தா என்ன பண்றது?" என்றார். எனக்கும் அதே பயம்தான். இந்த நோய் எலும்புக்குப் போனால் இடுப்பு வலிக்கும் என்று படித்திருக்கிறேன். மாமா பாயிலிருந்து எழும்போது இடுப்பில் கை வைத்தால், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அவரையே பார்ப்பேன். வயல்வேலை செய்த உடம்பு, இருபது வருடமாகவே இடுப்பில் கை வைத்துத்தான் எழுகிறார் என்பது அந்த நாட்களில் என் நினைவுக்கு வரவே இல்லை.

வேலூரிலிருந்து சிறுநீரக டாக்டர் ஒருவர் சனிக்கிழமைகளில் செங்கம் ரோட்டு நர்சிங் ஹோம் ஒன்றுக்கு வருவார். "ரத்தம் குடுத்தியாமே, டாக்டரையும் பாத்துட்டு வந்துடலாம்பா" என்று கணவர் கூப்பிட்டார். மாமா எண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "வேற ஆஸ்பத்திரி இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ஏன் அப்படிக் கேட்டார் என்பது நாங்கள் மூவரும் அங்கே போனதும் விளங்கிவிட்டது.

உள்ளே நுழைந்ததுமே ஒரு நர்ஸ் முகம் மலர்ந்து எதிரே வந்தார். "வாங்க ஐயா! டியூப் எடுத்தப்புறம் ஒண்ணுக்கு நல்லாப் போவுதுங்களா?"

ஹால் நிறைய ஆட்கள். மாமா சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"எந்த டியூப்?" என்றேன் நான்.

அதற்கு மேல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியவில்லை. மாமா காலண்டரைப் பார்த்தபடியே மகனிடம் சொன்னார். "சித்ரா பௌர்ணமி வெயிலுடா. வழி நெடுக நீர்மோர், பானகம். சாமி பேரைச் சொல்லிக் குடுக்கிறாங்க, வேணாம்னு சொல்ல முடியுமா? எல்லாத்துலயும் வாங்கிக் குடிச்சேன். பாதி வழியில, அடி அண்ணாமலை தாண்டும்போதே முட்டிக்கிச்சு."

"எங்கனா ஓரமா போயிருக்கலாமேப்பா?"

"மலை சுத்தற பாதையில எவனாவது போவானா? மலையே சாமிடா."

"கக்கூஸ் கட்டி வச்சிருக்காங்களேப்பா!"

"அதுவும் பாதைமேலதானே கட்டியிருக்காங்க."

அடக்கிக்கொண்டே சுற்றி முடித்து, கும்பிட்டுவிட்டு, பிறகு போகலாம் என்று பார்த்தால் ஒரு சொட்டு வரவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. கூட நடந்த கூட்டாளி ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். குழாய் போட்டு நீரை இறக்கி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். தங்கச்சி வீடு என்றது இதைத்தான். கிளம்பும்போது ஒரு சீட்டும் கொடுத்து, ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆறு வாரம்னுதான் சொன்னாங்க. இதுக்கெல்லாம் எதுக்கு ஆறப் போடணும், மருமக சாப்பிடப் போற நேரமாப் பாத்து முடிச்சிடலாம்னு..." என்று இழுத்தார்.

நான்கு வருடத்தில் முதல் தடவையாக நான் அவரிடம் நேராகப் பேசியது அந்த ஹாலில்தான். "ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாதுனு உங்க ஊர்ல யாரும் சொல்லலையா மாமா?" சத்தமாகவே கேட்டுவிட்டேன். பெஞ்சில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டில் தேதியைப் பார்த்ததும் அதைத் தள்ளி வைத்தார். "பை ரொம்பி அடைச்சிருக்குது, டியூப் வேற போட்டிருக்குது. இந்த நிலைமையில எடுத்தா யாருக்கும் ஏறித்தான் இருக்கும். இதை வச்சு கேன்சர்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்." மாமாவை உள்ளே அழைத்துப்போய் விரலால் தொட்டுப் பரிசோதித்துவிட்டு வந்தார். சுரப்பி பெரிதாகியிருக்கிறது, ஆனால் கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "லேப்ல வேலை பாக்கிறீங்களாமே. டியூப் போட்டாங்களானு ஒரு வார்த்தை கேக்காமலா ரத்தத்தை அனுப்புனீங்க?" என்றார்.

ரத்தம் பொய் சொல்லவில்லைதான். சுரப்பி பட்ட பாட்டை அப்படியே சொல்லியிருக்கிறது. ஏன் அந்தப் பாடு பட்டது என்று மனிதரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது என் வேலை. நானும் கூச்சப்பட்டேன், அவரும் கூச்சப்பட்டார். நடுவில் நானும் என் கணவரும் சாகாமல் செத்துக்கொண்டிருந்தோம்.

ஆறு வாரம் காத்திருந்தோம். பாதி நிம்மதி, பாதி பயம். ஒருநாள் காலை மாமா அத்தையிடம், "இருபத்திரண்டுனா ரொம்ப ஜாஸ்தியானு கேளு" என்றார். "ஜாஸ்திதான், கம்மியாயிடும்னு சொல்லுங்க அத்தை" என்றேன். ஆகும் என்று எனக்கு என்ன தெரியும்? கடலை வாங்கி வந்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். இடையில் வந்த பௌர்ணமிக்கு அவர் போகவில்லை. மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தார்.

ரத்தம் எடுக்கும் நாளில் பழக்க தோஷத்தில் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து வாசலில் எட்டிப் பார்த்தார். "நான் இன்னும் சாப்பிடப் போகல. உள்ள வாங்க மாமா" என்றேன். எல்லாக் கேள்வியும் கேட்டேன். மறுபடி அடைத்ததா, எரிச்சல் உண்டா, எத்தனை தடவை போகிறீர்கள். மூத்த அக்காவைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கை மட்டும் என் பக்கம் நீண்டிருந்தது. காய்ப்புக் காய்த்த கை. அதை அதற்கு முன் நான் தொட்டதே இல்லை.

மறுநாள் சாப்பிடப் போகாமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டுக்கு மேல்தான் வந்தது.

"இரண்டு பாயிண்ட் ஒன்பது."

மறுபடி சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை ஆசைக்காக. ஊசிக்கு வைத்திருந்த பஞ்சையெல்லாம் எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போன் போட்டேன். அத்தை எடுத்தார்.

"ரெண்டு பாயிண்ட் ஒம்பது அத்தை."

பின்னால் மாமாவின் குரல். "கம்மியானு கேளு."

"கம்மிதான். பயப்பட ஒண்ணும் இல்லனு சொல்லுங்க அத்தை."

அத்தை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு ரிசீவர் கை மாறியது.

"ஏம்மா" என்றார் மாமா. அப்படியே நிறுத்தினார். "சாப்பிட்டியாம்மா?"

"இல்லைங்க மாமா. இனிமேதான்" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் லேபின் பி.எஸ்.ஏ. தாளில், சமீபத்தில் மூத்திரம் அடைத்ததா, குழாய் போட்டார்களா என்ற இரண்டு கேள்விகளைக் கையால் எழுதிச் சேர்த்துவிட்டேன். கூச்சப்படுகிற பெரியவர்களிடம் என் மாமனார் கதையைச் சொல்லுவேன். சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த பௌர்ணமிக்கு மாமா மலை சுற்றக் கிளம்பினார். விருந்தாளிகள் நான்கு பேர் கூடத்தில் இருந்தார்கள். வாசல்வரை போனவர் திரும்பி என்னை நேராகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஒண்ணுக்குப் போயிட்டுத்தாம்மா கெளம்பறேன்" என்றார்.

"சரிங்க மாமா. நீர்மோரு பாத்துக் குடிங்க" என்றேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.